குறைந்த விலை, குறைந்த எடை: மினி லேப்டாப்பை வைத்து சமாளிப்பது எப்படி?

முதன் முதலாக கம்ப்யூட்டர் வாங்கும் பலர் இன்று டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை நினைத்துக் கூடப் பார்ப்பதில்லை. நேராக லேப்டாப்புக்குத் தான் போகிறார்கள். அதிலும் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்காக வாங்க வரும் பெற்றோர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள என்ன இருக்கு?" என்பது தான். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் கையடக்கமான, எடை குறைந்த, சிறிய லேப்டாப்பாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். தூக்கினால் நோட்டுப் புத்தகம் போல இருக்கும். வாங்கி ஒரு மாதம் ஆன பிறகு தான், "ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது? இடம் ஏன் அதற்குள் தீர்ந்து விட்டது?" என்ற கேள்விகள் வரும்.

நான் சாப்ட்வேர் இஞ்சினியர். வாரத்தில் இரண்டு நாள் சென்னை அலுவலகத்திலும், மற்ற நாட்களில் திருவண்ணாமலையில் உள்ள வீட்டிலும் வேலை செய்கிறேன். அலுவலகம் தந்த லேப்டாப்பில் சொந்த வேலை எதுவும் செய்யக் கூடாது என்பது விதி. எனவே சொந்த உபயோகத்திற்கு இப்படிப்பட்ட லேப்டாப் ஒன்றை வாங்கி, ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். 11.6 அங்குலத் திரை, ஒன்றேகால் கிலோ எடை, இன்டெல் என்100 பிராசசர், 8 ஜிபி ராம், 128 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கு முக்கியமில்லை. இந்த விலையில் வரும் எல்லா லேப்டாப்களும் உள்ளே ஏறக்குறைய ஒன்று தான். இவற்றின் பலம் என்ன, பலவீனம் என்ன, வாங்கியவுடன் செய்ய வேண்டியவை என்ன என்று பார்ப்போம்.

இது புதிய யோசனை அல்ல

எடை குறைந்த லேப்டாப் என்பது ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகள் மட்டும் வைத்திருந்த விலை உயர்ந்த பொருள். அதை மாற்றியது அசூஸ் நிறுவனம். 2007ஆம் ஆண்டு அது ஈ பிசி என்ற சிறிய லேப்டாப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி ஸ்டோரேஜ், லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம். எடை ஒரு கிலோவிற்கும் குறைவு. அடுத்த ஆண்டே இன்டெல் நிறுவனம் ஆட்டம் என்ற குறைந்த சக்தி பிராசசரை வெளியிட, எல்லா நிறுவனங்களும் இதே போன்ற லேப்டாப்களைத் தயாரிக்கத் தொடங்கின. நெட்புக் என்ற பெயரும் நிலைத்தது.

2010ல் ஐபேட் வந்தது. நெட்புக்குகளின் வேகக் குறைவால் சலித்துப் போனவர்கள் டேப்ளட் பக்கம் சாய்ந்தனர். சில ஆண்டுகளில் நெட்புக் என்ற பெயரே கடைகளிலிருந்து மறைந்தது. ஆனால் யோசனை மறையவில்லை. 2011ல் குரோம்புக்காகவும், 2023ல் ஜியோ நிறுவனத்தின் ஒரு கிலோவிற்கும் குறைவான ஜியோபுக்காகவும், விண்டோஸ் 11 இயங்கும் இன்றைய மினி லேப்டாப்களாகவும் அது திரும்பத் திரும்ப வந்து கொண்டே இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப்பைக் கொடுத்தது அரசு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், எல்காட் நிறுவனம் மூலம் வாங்கப்பட்ட லேப்டாப்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. என்னுடைய முதல் கம்ப்யூட்டரும் பிளஸ் டூ படிக்கும் போது கிடைத்த அந்த லேப்டாப் தான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அதில் தான் சி லாங்குவேஜ் கற்றேன். குறைந்த திறன் கொண்ட கம்ப்யூட்டரை வைத்துப் படிக்க முடியும், வேலையும் வாங்க முடியும் என்பதற்கு என் வகுப்பில் பாதிப் பேர் சாட்சி. எனவே விலை குறைந்தது என்பதற்காக எந்த லேப்டாப்பையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் எல்லையைத் தெரிந்து வைத்துக் கொண்டால் போதும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. பிராசசர்: இன்டெல் என்100 என்பது 2023 ஜனவரியில் வெளியானது. 4 கோர்கள் கொண்டது. சாதாரணமாக 6 வாட் மின்சக்தியில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. பிரவுசிங், வேர்ட், எக்ஸெல், வீடியோ பார்ப்பது போன்றவற்றிற்குப் போதுமானது. இதே விலையில் பழைய செலரான் பிராசசர் உள்ள லேப்டாப்களும் விற்கப்படுகின்றன. அவற்றில் பல 2 கோர் மட்டும் உள்ளவை. பெயரை மட்டும் பார்க்காமல் எத்தனை கோர் என்றும் கேளுங்கள்.

2. ராம்: விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. இயங்க மட்டும் தான் போதும். வேலை செய்யப் போதாது. ராம் நிறைந்து விட்டால் விண்டோஸ் அதிகப்படியான தகவல்களை ஸ்டோரேஜில் தற்காலிகமாக எழுதி வைத்து, தேவைப்படும் போது திரும்ப எடுக்கும். ஸ்டோரேஜ் ராமை விடப் பல மடங்கு மெதுவானது. எனவே தான் நான்கைந்து டேப் திறந்தவுடன் லேப்டாப் திணறுகிறது. மேலும் இவ்வகை லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். "அப்புறம் கூட்டிக்கலாம் சார்" என்று கடையில் சொன்னால், தனி ஸ்லாட் உள்ளதா என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள். இல்லையென்றால் முதலிலேயே 8 ஜிபி வாங்குவது தான் நல்லது. ஆயிரம், இரண்டாயிரம் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றால் அது இது தான்.

3. ஸ்டோரேஜ்: எஸ்எஸ்டி, இஎம்எம்சி என இரண்டு வகை உண்டு. இஎம்எம்சி என்பது மொபைல் போன்களில் பயன்படும் வகை. பழைய ஹார்ட் டிஸ்க்கை விட வேகமானது. எஸ்எஸ்டியை விட மெதுவானது. இதுவும் மதர்போர்டுடன் சேர்ந்தே இருக்கும். கழற்ற முடியாது. இந்தக் "கழற்ற முடியாது" என்பதன் அர்த்தம் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

4. எஸ் மோட்: சில லேப்டாப்களில் விண்டோஸ் எஸ் மோடில் வரும். இதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் புரோகிராம்களை மட்டுமே நிறுவ முடியும். "சிடியிலிருந்து எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை, லேப்டாப் பழுது" என்று பயப்பட வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் சென்று எஸ் மோடிலிருந்து வெளியே வரலாம். கட்டணம் இல்லை. ஆனால் வெளியே வந்த பின் மீண்டும் உள்ளே போக முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. இதே விலைக்குப் பழைய ஐ5 லேப்டாப்களும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்து விட்டது. விண்டோஸ் 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எனவே பழைய லேப்டாப் வாங்குபவர்கள் பிராசசரின் தலைமுறையைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

128 ஜிபி எங்கே போனது?

புதிய லேப்டாப்பைத் திறந்து சி டிரைவைப் பார்த்தால் 128 ஜிபிக்குப் பதில் 119 ஜிபிக்கும் குறைவாகக் காட்டும். கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 எம்பியை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறது. எனவே 128 என்பது 119 ஆகி விடுகிறது. 64 ஜிபி என்பது 59 ஆகி விடும். இதில் விண்டோஸ், அதன் ரெகவரி பகுதி, அப்டேட்டுக்காக ஒதுக்கி வைக்கும் இடம் எல்லாம் சேர்ந்து 30 ஜிபி வரை போய் விடும். 64 ஜிபி வாங்கியவருக்கு மிஞ்சுவது ஒரு சாதாரண மொபைல் போனில் உள்ள இடத்தை விடக் குறைவு. பெரிய அப்டேட் வரும் போது அதற்கும் இடம் இல்லாமல் அப்டேட் பாதியில் நிற்கும்.

இடத்தைச் சேமிக்க: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் செல்லவும். அதில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்பதை ஆன் செய்திடவும். தற்காலிக பைல்களையும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் பைல்களையும் அதுவே அவ்வப்போது நீக்கி விடும். டவுன்லோட்ஸ் போல்டரையும் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு ஆப்ஷன் இருக்கும். முக்கிய பைல்களை டவுன்லோட்ஸிலேயே வைத்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதைத் தொடாதீர்கள். போட்டோ, சினிமா போன்றவற்றை மெமரி கார்டு அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக் கொள்ளலாம்.

முதல் நாளே செய்ய வேண்டிய முக்கிய வேலை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத் தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாணவி எம்.ஏ. தமிழ் படிக்கிறார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தவணையில் தான் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். ப்ராஜெக்டுக்காக அந்தப் பெண் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போய், வயதானவர்களிடம் பதினொரு பேட்டிகளைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றியிருந்தார். போனில் இடம் இல்லாததால் போனில் இருந்தவற்றை அழித்து விட்டார். ஒரு நாள் அப்டேட் முடிந்து லேப்டாப் மீண்டும் இயங்கிய போது, நீல நிறத் திரை ஒன்று வந்து 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டது. என்னிடம் கொண்டு வந்தார்.

விண்டோஸ் 11ல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் மூலம் முதல் முறை உள்ளே நுழையும் போது, பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பாதுகாப்பு தானாகவே ஆன் ஆகி விடும். ஸ்டோரேஜில் உள்ள அனைத்தும் பூட்டப்பட்டு, பூட்டின் சாவி அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சேமிக்கப்படும். லேப்டாப் திருடு போனாலும் உங்கள் பைல்களை வேறு யாரும் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு தான். சாவி உங்களிடம் இருக்கும் வரை.

அந்தப் பெண்ணிடம் எந்த இமெயிலில் அக்கவுண்ட் தொடங்கினீர்கள் என்று கேட்டேன். "கடையிலேயே எல்லாம் போட்டுக் குடுத்துட்டாங்கண்ணா" என்றார். கடையில் போய் விசாரித்தோம். விற்பனையாளர் ஒருவர் தன்னுடைய இமெயிலைப் போட்டு லேப்டாப்பைத் தயார் செய்து கொடுத்திருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போய் விட்டார். அந்த இமெயிலின் பாஸ்வேர்ட் அங்கு யாருக்கும் தெரியவில்லை. போன் நம்பரும் மாறி விட்டது.

பழைய லேப்டாப்பாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்திருக்கலாம். இதில் கழற்ற முடியாது. கழற்ற முடிந்தாலும் பயன் இல்லை. சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க எனக்கு மட்டுமல்ல, எந்த இஞ்சினியருக்கும் வழி இல்லை. லேப்டாப்பை ரீசெட் செய்து புதிதாக விண்டோஸ் நிறுவிக் கொடுத்தேன். லேப்டாப் நன்றாக ஓடுகிறது. பதினொரு பேட்டிகளில், கைடுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நான்கு மட்டும் கிடைத்தன. மற்ற ஏழில் ஒரு பாட்டி இடையில் இறந்து போயிருந்தார். "மத்தவங்ககிட்ட திரும்பப் போய்க் கேட்டுக்கலாம்ணா. அந்தப் பாட்டி குரல் இனிமே கிடைக்காது" என்று சொல்லி விட்டுப் போனார்.

எனவே கீழ்க்காணும் மூன்றையும் முதல் நாளே செய்து விடுங்கள்.

முதலாவது, கடையில் விண்டோஸை செட் அப் செய்து தர வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். பெட்டியோடு வாங்கி வந்து வீட்டில், உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பர் கொடுத்து நீங்களே செய்யுங்கள். அரை மணி நேர வேலை தான். ஏற்கெனவே கடையில் செய்து கொடுத்திருந்தால், செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ சென்று யாருடைய இமெயில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வேறு ஒருவருடையதாக இருந்தால், முதலில் எல்லா பைல்களையும் வெளியே காப்பி எடுத்துக் கொண்டு, லேப்டாப்பை ரீசெட் செய்து, உங்கள் பெயரில் தொடங்குங்கள்.

இரண்டாவது, செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி சென்று டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகி உள்ளதா என்று பாருங்கள். ஆன் ஆகி இருந்தால், பிரவுசர் வழியாக உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பிற்கான பிட்லாக்கர் ரெகவரி கீயைத் தேடி எடுங்கள். 48 இலக்கங்களையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, முக்கிய பைல் எதுவானாலும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று லேப்டாப், மற்றொன்று பென் டிரைவோ, கூகுள் டிரைவோ, வெளி ஹார்ட் டிஸ்க்கோ. ஒரே இடத்தில் உள்ள பைல், இல்லாத பைல் மாதிரி தான்.

வேகத்தைக் கூட்ட

புதிய லேப்டாப்பில் நீங்கள் கேட்காத பல புரோகிராம்கள் சேர்ந்தே வரும். இவற்றில் சில, லேப்டாப் இயங்கத் தொடங்கும் போதே தாமும் தொடங்கி ராமில் உட்கார்ந்து கொள்ளும். கன்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் கீகளை ஒரு சேர அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, தேவையற்றதன் மீது ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுக்கவும். இது அந்தப் புரோகிராமை நீக்காது; தானாகத் தொடங்குவதை மட்டும் நிறுத்தும். பயப்படாமல் செய்யலாம்.

சோதனைக் கால ஆன்டி வைரஸ் புரோகிராம் ஏதேனும் இருந்தால் அன் இன்ஸ்டால் செய்து விடலாம். விண்டோஸுடன் வரும் டிபெண்டர் தானாகவே அந்த வேலையை ஏற்றுக் கொள்ளும். வீட்டு உபயோகத்திற்கு அதுவே போதும்.

ராமை அதிகம் சாப்பிடுவது பிரவுசர் தான். குரோம் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் பெர்பாமன்ஸ் பகுதிக்குச் சென்று மெமரி சேவரை ஆன் செய்திடவும். பயன்படுத்தாத டேப்களை அது தூங்க வைத்து, ராமை விடுவிக்கும். எட்ஜ் பிரவுசரிலும் இதே போல ஸ்லீப்பிங் டேப்ஸ் வசதி உண்டு. எம்.எஸ். ஆபீஸ் சேர்ந்து வரவில்லை என்றால், இலவசமான லிப்ரே ஆபீஸை நிறுவிக் கொள்ளலாம். கடிதம், பயோடேட்டா, கணக்கு எல்லாம் இதிலேயே செய்யலாம்.

பேட்டரி: ஒரு எளிய கணக்கு

விளம்பரத்தில் "10 மணி நேரம்" என்று போட்டிருப்பார்கள். நம்முடைய கணக்கை நாமே போடலாம். லேப்டாப் பேட்டரியின் அளவு வாட்-அவர் என்ற அலகில் இருக்கும். என்னுடையது 38 வாட்-அவர். டைப் செய்வது, படிப்பது போன்ற வேலைகளில், திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால், லேப்டாப் மொத்தமாக ஆறு, ஆறரை வாட் எடுக்கிறது. 38ஐ 6.5ஆல் வகுத்தால் சுமார் 6 மணி நேரம். வீடியோ காலில் பேசினால் 9, 10 வாட் வரை போகிறது. 4 மணி நேரத்தில் தீர்ந்து விடுகிறது. வாங்கும் போது எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் எத்தனை வாட்-அவர் என்று கேளுங்கள்.

இதன் உண்மையான பயன் பயணத்தில் தான் தெரிகிறது. 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரை - வேலூர் கண்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். அலுவலக லேப்டாப்பை ரயிலில் மடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் நகர வேண்டியிருக்கும். இது ஒரு நோட்டு அளவு தான் இடம் எடுக்கிறது.

சார்ஜர் யுஎஸ்பி டைப்-சி வகையாக இருந்தாலும், போன் சார்ஜரில் லேப்டாப் சார்ஜ் ஆகும் என்று நினைக்க வேண்டாம். பல போன் சார்ஜர்கள் 9 வோல்ட் வரை மட்டுமே கொடுக்கும். லேப்டாப் 20 வோல்ட் கேட்கலாம். சார்ஜரின் மேல் அவுட்புட் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்க 45 வாட். மாற்று சார்ஜர் வாங்கும் போது பவர் டெலிவரி என்ற வசதியுடன், இதே வோல்ட், இதற்குக் குறையாத வாட் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

வெயிலும் லேப்டாப்பும்

என்100 போன்ற பிராசசர் உள்ள பல லேப்டாப்களில் மின்விசிறி கிடையாது. சத்தம் இல்லை, தூசி உள்ளே போவதும் குறைவு. ஆனால் சூடு வெளியேற உடம்பு தான் வழி. சூடு ஒரு அளவைத் தாண்டினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். சித்திரை, வைகாசியில் மலையை ஒட்டி வீடு உள்ளவர்களுக்குத் தெரியும். பகல் முழுவதும் காய்ந்த பாறை இரவு வரை அனலை விடும். பல நிறுவனங்கள் தங்கள் மேனுவலில் 35 டிகிரி செல்சியஸ் வரை தான் பயன்படுத்தச் சொல்கின்றன. நம் ஊர் மே மாதம் அதைச் சுலபமாகத் தாண்டும். அந்த நேரத்தில் லேப்டாப் மெதுவானால், வைரஸ் என்று நினைத்து பார்மட் செய்யக் கிளம்ப வேண்டாம். மெத்தை, தலையணை மீது வைக்காமல் மேஜையில் வைத்து, பேன் காற்று படும்படி வைத்துப் பாருங்கள்.

பேட்டரியை வேகமாகக் கிழவனாக்குவது இரண்டு விஷயங்கள்: சூடு, எப்போதும் நூறு சதவீத சார்ஜில் இருப்பது. பல லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி, நிறுவனம் தரும் புரோகிராமில் இருக்கும். வீட்டிலேயே வைத்து வேலை செய்யும் நாட்களில் அதை ஆன் செய்யுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் முழுவதும் ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் லேப்டாப்பை விட்டு வைப்பது கூடவே கூடாது.

பவுர்ணமி அன்று இன்டர்நெட்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு பிரச்னை இது. ஆனால் திருவிழா நடக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும். பவுர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடப்பார்கள். ஒரு மொபைல் டவரின் திறனை அதன் எல்லைக்குள் உள்ள எல்லா போன்களும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். போனில் சிக்னல் கோடு முழுதாகக் காட்டும். ஒரு மெயில் கூடப் போகாது. கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம்.

இடம் குறைவான லேப்டாப்பில் பைல்களை ஆன்லைனில் வைப்பது தான் வசதி. ஆனால் இன்டர்நெட் நின்றால் வேலையும் நின்று விடும். ஒன் டிரைவ் பயன்படுத்துபவர்கள், வேலை நடக்கும் போல்டர் மீது மட்டும் ரைட் கிளிக் செய்து, அதை எப்போதும் இந்த லேப்டாப்பிலேயே வைத்திருக்கச் சொல்லும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். கூகுள் டிரைவிலும் ஆப்லைன் வசதி உண்டு. இவற்றை முதல் நாளே ஆன் செய்து வைக்க வேண்டும்.

போன் ஹாட்ஸ்பாட் மூலம் இன்டர்நெட் எடுப்பவர்கள், விண்டோஸ் அப்டேட் அன்றைய டேட்டா முழுவதையும் இழுத்து விடாமல் தடுக்க வேண்டும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், வைஃபை சென்று, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்திடவும். வாரம் ஒரு முறை நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் அப்டேட்களை முடித்து விடுங்கள். அடியோடு நிறுத்தி விடாதீர்கள்.

தமிழில் டைப் செய்ய

தனி புரோகிராம் எதுவும் தேவை இல்லை. செட்டிங்ஸ், டைம் அண்டு லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்டு ரீஜியன் சென்று தமிழைச் சேர்க்கவும். பின் கீபோர்டு பகுதியில், ஆங்கில உச்சரிப்பில் டைப் செய்பவர்கள் போனடிக் முறையையும், 1999ல் தமிழக அரசு அறிவித்த முறையில் பழகியவர்கள் தமிழ் 99 முறையையும் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழ், ஆங்கிலம் என மாறி மாறி வரும்.

எதற்கு இது போதாது?

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண டிசைன், பெரிய கேம்கள் ஆகியவற்றுக்கு இந்த லேப்டாப் உதவாது. என் தொழிலிலேயே, பைத்தான் எழுதிப் பார்க்க, சிறிய வெப்சைட் தயாரிக்கப் போதும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரை இயக்கினால் மூச்சு வாங்கும். இஞ்சினியரிங், ஆர்க்கிடெக்சர் சேரும் மாணவர்கள், கல்லூரியில் எந்தெந்த சாப்ட்வேர் தேவைப்படும் என்று கேட்ட பிறகு வாங்குவது நல்லது. கலை, அறிவியல், காமர்ஸ் மாணவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், வீட்டுக் கணக்கு, ஆன்லைன் விண்ணப்பம், வீடியோ கால் என்று இருப்பவர்களுக்கும் இது நான்கைந்து ஆண்டு தாராளமாக உழைக்கும்.

ஏற்கெனவே வாங்கி விட்டவர்கள், இந்த இதழை மூடி வைத்ததும் முதலில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து யாருடைய இமெயில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் புதிதாக லேப்டாப் வாங்கிய பிள்ளை இருந்தால், அவர்களுடையதையும் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தான் ஆகும்.